பெரியவர்களின் கவனச் சிதறல்: மருத்துவர் அதை எவ்வாறு கண்டறிகிறார்?

(தோட்ட மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சுகாதாரச் சொற்பொழிவு)



நீரிழிவு, இரத்த அழுத்தம், டிங்கிக் காய்ச்சல் ஆகியவற்றைப் பற்றி இத்தகைய கூட்டங்களில் பல முறை கேட்டிருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினின்றும் வேறானது. இதனால் காய்ச்சல் வருவதில்லை. உடம்பில் எந்த இடத்திலும் வலி தோன்றுவதில்லை. ஆயினும் ஒரு மனிதரின் வேலையையும் வருமானத்தையும் குடும்ப அமைதியையும் இது ஆண்டுக்கணக்கில் அரித்துவிடக் கூடும். இதனை உடையவர், இது ஒரு குறைபாடு என்பதையே அறியாமல், 'என் குணமே இப்படித்தான்' என்று தம்மைத் தாமே நொந்துகொண்டு வாழ்நாளைக் கழித்துவிடுவதும் உண்டு.

மருத்துவர்கள் இதனை ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாக அழைக்கின்றனர். கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் கொண்ட குறைபாடு என்பது அதன் பொருள். பெயர் நீளமாக இருப்பதால் இவ்வுரையில் 'கவனக் குறைபாடு' என்றே குறிப்பிடுகிறேன். ஓரிடத்தில் உட்காராமல் துள்ளித் திரியும் பிள்ளைகளுக்கு இது உண்டென்று உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அது உண்மையே. ஆனால் அப்பிள்ளைகளுள் பலர் வளர்ந்து, திருமணமாகி, தாமே பிள்ளைகளைப் பெற்ற பின்னரும் அக்குறைபாடு அவர்களை விட்டு நீங்குவதில்லை. அத்தகைய பெரியவர்களிடம் மருத்துவர் இதனை எப்படிக் கண்டறிகிறார் என்பதே இன்றைய பேச்சு.

ஒரு பால்வெட்டுத் தொழிலாளியை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். இவர் கற்பனை மனிதர்தாம். ஆனால் இவரைப் போன்றவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலைப் பெரட்டுக்கு இவர் ஓடிவந்து சேரும்போது பெயர் கூப்பிட்டு முடிந்திருக்கும். பாதி வழியில்தான் தீட்டுக்கல்லை வீட்டிலேயே மறந்துவிட்டது நினைவுக்கு வரும். முதல் ஐம்பது மரங்களை எவரும் குறைசொல்ல முடியாதபடி வெட்டுவார். பிறகு எண்ணம் எங்கோ போய்விடும். பட்டையை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டிய கத்தி மரக்கட்டையைத் தொட்டுவிடும். ஒரு நிரையில் நாலைந்து மரங்களுக்கு மங்கு நிமிர்த்தாமலே அடுத்த நிரைக்குப் போய்விடுவார். பால் எடுக்கும் நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போதும், வாளியை வைத்த இடம் மறந்துபோகும். மண்டோர் திட்டுவார். இவரும் அந்த நேரத்தில் உண்மையாகவே வருந்துவார். அடுத்த வாரமும் அதுவே நடக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். மின்சாரக் கட்டணத்துக்கு வைத்த பணம் கையில் இருந்தும், கட்ட வேண்டிய நாள் போய்விடும். பட்டணத்துக்குப் போனவர், எதற்காகப் போனாரோ அதை விட்டுவிட்டு, தேவையில்லாத ஒன்றைத் தவணை முறையில் வாங்கி வந்து நிற்பார். மனைவி பேசிக்கொண்டிருக்கும்போது இவர் பார்வை மனைவியின் முகத்தில்தான் இருக்கும். சொன்னது காதில் ஏறியிருக்காது. ஐந்தாண்டில் மூன்று வேலைகள் மாறியிருப்பார். இத்தனைக்கும் அறிவில் குறைந்தவர் அல்லர். பழுதான மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவதென்றால் சோற்றையும் மறந்து நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். திருவிழா என்றால் முதலில் ஓடி வருபவரும் இவரே. இந்த முரண்பாடுதான் மற்றவர்களை ஏமாற்றுகிறது. 'அதற்கு மட்டும் கவனம் வருகிறதே! இதற்கு ஏன் வருவதில்லை? திமிர்தான்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அது திமிர் அன்று. இக்குறைபாடு உடையவரிடம் கவனம் என்பதே இல்லாமல் போவதில்லை. அதை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரம்வரை நிறுத்திவைக்கும் ஆற்றல்தான் குறைந்திருக்கிறது. ஆர்வமூட்டும் வேலையில் கவனம் தானாகவே ஒட்டிக்கொள்கிறது. ஒரே வகையான வேலையை ஐந்நூறு மரங்களுக்குத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அது நழுவிவிடுகிறது. காத்திருத்தல், திட்டமிடுதல், அவசரத்தை அடக்குதல் ஆகியவற்றுக்குரிய மூளைப் பகுதிகளின் செயற்பாட்டில் உள்ள வேறுபாடே இதற்குக் காரணம் என்று மருத்துவ அறிவியல் கூறுகிறது.

இதனை மருத்துவ உலகமே மெதுவாகத்தான் அறிந்துகொண்டது. 1902ஆம் ஆண்டில் இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் தம் சொற்பொழிவுகளில் இத்தகைய பிள்ளைகளை விவரித்தார். 1968ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதனைச் சேர்த்தபோது, குழந்தைப் பருவத்து நோய் என்றும், வயது ஏற ஏறக் குறைந்துவிடும் என்றும் எழுதியது. 1980ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் கவனக்குறைவு முதன்மை இடம் பெற்றது. இன்றைய பெயர் 1987ஆம் ஆண்டில் வந்தது. பெரியவர்களைக் கண்டறியத் தனி அளவு வகுக்கப்பட்டது 2013ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலேதான். ஆகவே, இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் ஒருவரை அவர் பள்ளியில் படித்த காலத்தில் எவரும் கண்டறியவில்லை என்றால் அதில் வியப்பில்லை. உலக அளவில் பெரியவர்களில் நூற்றுக்கு இருவர் அல்லது மூவருக்கு இக்குறைபாடு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இனி, கண்டறியும் முறைக்கு வருவோம். இரத்தப் பரிசோதனை செய்து இதனைக் கூற முடியாது. மூளையைப் படமெடுத்தும் கூற முடியாது. மருத்துவர் உட்கார வைத்துப் பேசுவார், கேள்வி கேட்பார், பதிலைக் கேட்பார். 'மருந்து தருவார் என்று போனேன், கதைதான் கேட்டார்' என்று குறைப்பட்டுக்கொண்டு திரும்புபவர்கள் உண்டு. இங்கே கதை கேட்பதுதான் பரிசோதனை.

அந்தக் கேள்விகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கவனக்குறைவைக் காட்டும் அடையாளங்கள் ஒன்பது. அமைதியின்மையையும் அவசரப் புத்தியையும் காட்டும் அடையாளங்கள் ஒன்பது. கவனப்பிழை செய்தல், தொடங்கியதை முடிக்காமை, பொருள்களைத் தொலைத்தல், அன்றாடக் காரியங்களை மறத்தல் போன்றவை முதல் வகை. கைகால்களை ஆட்டிக்கொண்டே இருத்தல், உட்கார வேண்டிய இடத்தில் எழுந்துவிடுதல், அளவுக்கு மீறிப் பேசுதல், பிறர் கேள்வியை முடிக்குமுன் பதில் சொல்லுதல், தன் முறை வரும்வரை பொறுக்க மாட்டாமை போன்றவை இரண்டாம் வகை. பதினேழு வயதுக்கு மேற்பட்டவரிடம் இவ்விரு வகைகளுள் ஏதேனும் ஒன்றிலாவது ஐந்து அடையாளங்கள், குறைந்தது ஆறு மாதங்களாகத் தொடர்ந்து இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஆறு வேண்டும். பெரியவரானதும் துள்ளலும் ஓட்டமும் அடங்கி, உள்ளுக்குள் ஒரு பரபரப்பாக மட்டும் நின்றுவிடுவதால் அவர்களுக்கு ஐந்து போதும் என்று வைத்தார்கள்.

அடையாளங்களை எண்ணியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எண்ணிப் பார்த்தால் நம்மில் பலருக்கு மூன்று நான்கு தேறும்! அவை ஓரிடத்தில் மட்டும் தோன்றுகின்றனவா, வேலை, வீடு, கடைத்தெரு என்று பல இடங்களிலும் தோன்றுகின்றனவா என்று மருத்துவர் பார்ப்பார். வீட்டில் எல்லாம் சரியாக இருந்து, ஒரு குறிப்பிட்ட கங்காணியின் கீழ் வேலை செய்யும்போது மட்டும் தவறு நேருமானால், குறை வேறெங்கோ இருக்கிறது. அடுத்து, இவற்றால் வாழ்க்கைக்கு உண்மையான கேடு விளைந்திருக்கிறதா என்றும் பார்ப்பார். எப்போதாவது சாவியைத் தொலைப்பது நோய் ஆகாது. மறதியால் வேலை போயிருக்கிறதா, கடன் ஏறியிருக்கிறதா, விபத்து நேர்ந்திருக்கிறதா என்பதே கேள்வி.

யாவற்றிலும் முக்கியமான கேள்வி, 'எப்போதிருந்து?' என்பது. பன்னிரண்டு வயதுக்கு முன்னரே அடையாளங்கள் சில இருந்திருக்க வேண்டும் என்பது விதி. முன்பு ஏழு வயது என்று இருந்ததை 2013ஆம் ஆண்டில் பன்னிரண்டாக மாற்றினார்கள். முப்பத்தைந்து வயதில் திடீரென்று தொடங்கிய கவனச் சிதறலுக்குக் காரணம் பெரும்பாலும் வேறாகவே இருக்கும்.

இதனால்தான் மருத்துவர் உங்கள் பிள்ளைப் பருவத்தைக் கிளறுகிறார். பள்ளித் தேர்ச்சி அறிக்கைப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்பார். மதிப்பெண் அவருக்குப் பெரிதல்ல. ஆசிரியர் ஓரத்தில் எழுதிய குறிப்புதான் வேண்டும். 'திறமை உண்டு, கவனம் இல்லை', 'வகுப்பில் ஓயாமல் பேசுகிறான்' என்று ஆண்டுதோறும் வெவ்வேறு ஆசிரியர்கள் எழுதியிருந்தால் அது பெரிய சாட்சி. ஆனால் நம் மக்களில் எத்தனை பேர் வீட்டில் அந்தப் புத்தகம் இருக்கும்? தோட்டம் துண்டாடப்பட்டும், லயம் இடிக்கப்பட்டும், பள்ளி வேறிடத்துக்கு மாற்றப்பட்டும் இடம் பெயர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. வழியில் தொலைந்த காகிதங்களுக்குக் கணக்கில்லை. அதற்காக மனம் தளர வேண்டாம். உங்களைச் சிறு வயதில் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். தாயார் இருந்தால் மிக நல்லது. இல்லையேல் அக்காள், தாய்மாமன், பக்கத்து லயத்தில் உடன் வளர்ந்தவர் என்று யாராயினும் சரி. நம் நினைவு நமக்கே சாதகமாகச் சில இடங்களை மறைத்துவிடும். அக்காள் மறைக்க மாட்டாள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் உருவாகி 2005ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஒரு கேள்வித்தாள் உண்டு. பதினெட்டுக் கேள்விகள் கொண்டது. முதல் ஆறு கேள்விகளே சல்லடை போன்றவை. அவற்றுள் நான்கிற்கோ அதற்கு மேற்பட்டவற்றிற்கோ குறிப்பிட்ட அளவு பதில் அமைந்தால், அவரை விரிவாகப் பரிசோதிக்க வேண்டும் என்று பொருள். அவருக்கு நோய் உண்டென்று அது தீர்ப்பளிப்பதில்லை. கைப்பேசியில் இத்தகைய கேள்விகளுக்குப் பதில் தட்டிவிட்டுத் தமக்கு நோய் இருப்பதாக அறிவித்துக்கொள்ளும் பழக்கம் இளைஞர்களிடையே பரவிவருகிறது. சல்லடையில் நின்றதெல்லாம் மணியாகிவிடாது.

இனி, இதைப் போலவே தோற்றம் காட்டும் பிற காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்ட மக்களைப் பொறுத்தவரை முதலில் நினைக்க வேண்டியது தூக்கம். மரத்தில் பாலின் அழுத்தம் விடியற்காலையில் மிகுந்திருப்பதால் நம் வேலை இருட்டிலேயே தொடங்குகிறது. காலை நான்கு மணிக்கு எழுபவர் இரவு பன்னிரண்டு மணிவரை தொலைக்காட்சியோ கைப்பேசியோ பார்த்தால் கிடைப்பது நான்கு மணி நேரத் தூக்கம். நாள்தோறும் அப்படித் தூங்கினால் எந்த மனிதருக்கும் மறதி வரும், எரிச்சல் வரும், கத்தி மரத்தில் பாயும். கட்டையே அதிரும்படி குறட்டை விடுபவருக்கு உறக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படும் நோய் இருக்கக்கூடும். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அவர் மூளை ஓய்வு பெறுவதில்லை. இவர்களுக்கு வேண்டிய சிகிச்சையே வேறு.

தைராய்டு சுரப்பி மிகுதியாக வேலை செய்தால் பதற்றமும் அமைதியின்மையும் தோன்றும். இரத்தச்சோகை இருந்தால் சோர்வும் மந்தமும் ஏற்படும். இவற்றைத் தள்ளிவைக்கவே மருத்துவர் சில வேளைகளில் இரத்தம் எடுக்கச் சொல்கிறார். மனச்சோர்விலும் கவனம் நிற்காது. ஆனால் அதற்கு ஒரு தொடக்கம் இருக்கும். 'அப்பா இறந்த பிறகுதான் இப்படி' என்றோ, 'வேலை போனதிலிருந்து' என்றோ குடும்பத்தார் சொல்ல முடியும். கவனக் குறைபாட்டுக்கு அப்படி ஒரு நாளைச் சுட்ட முடியாது. சிலரிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆண்டுக்கணக்கில் ஏச்சுக் கேட்டவருக்கு மனம் சோர்ந்துபோவது இயல்புதானே!

மதுவைப் பற்றியும் கூறாமல் விட முடியாது. சம்சு, பீர், இவற்றைவிடக் கொடிய சியாபு முதலியவை நினைவையும் கவனத்தையும் கெடுக்கின்றன. மறுபுறம், கண்டறியப்படாத கவனக் குறைபாடு உடையவர் உள்ளத்துப் பரபரப்பை அடக்க மதுவையோ போதைப்பொருளையோ நாடிவிடுவதும் மிகுதி. எது முந்தியது என்பதை அறியாமல் மருத்துவர் முடிவு சொல்ல இயலாது. ஆகவே எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று அவர் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவர் புத்திமதி சொல்வதற்காகக் கேட்கவில்லை.

பெண்களைப் பற்றித் தனியே சில சொற்கள். பெண் பிள்ளைகளிடம் துள்ளலும் சண்டையும் குறைவாகவும், கனவில் இருப்பது போன்ற கவனக்குறைவு மிகுதியாகவும் காணப்படுவதால் ஆசிரியர்கள் அவர்களை அடக்கமான பிள்ளை என்று விட்டுவிடுகிறார்கள். வளர்ந்து, வேலைக்கும் போய், வீட்டையும் பார்க்கும்போதுதான் கட்டு அவிழ்கிறது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிவதும், பள்ளிக் கட்டணத் தாள் அலமாரியில் கிடப்பதும் எல்லாப் பெண்களுக்கும் நேர்வதுதான். ஆனால் நாள்தோறும் நேர்ந்து, இரவில் படுக்கும்போது 'நான் எதற்கும் உதவாதவள்' என்று ஒரு பெண் அழுவாளாயின், அவளுக்கு வேண்டியது ஏச்சன்று, பரிசோதனை. கணவன்மார் இதைச் சற்றுக் காதில் போட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இக்குறைபாடு குடும்ப வழியில் வருவது மிகுதி. பிள்ளைக்காகத் தந்தை மருத்துவரிடம் போய், அவர் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லக் கேட்டு, 'டாக்டர், நானும் இப்படித்தானே!' என்று வியந்து நிற்பது உலகெங்கும் நிகழ்கிறது. பெரியவர்களில் பலர் இந்த வழியில்தான் கண்டறியப்படுகிறார்கள். பிள்ளைக்கு உண்டென்று தெரிந்தால் பெற்றோரும் தம்மைச் சோதித்துக்கொள்வது நல்லது.

எங்கே செல்வது? முதலில் உங்கள் வட்டாரத்து அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். குடிமக்களுக்கு அங்கே வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். அங்குள்ள மருத்துவர் கேட்டுப் பார்த்து, தேவையென்றால் பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார். மனநலப் பிரிவு என்றதுமே பலருக்கு முகம் மாறுகிறது. 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள்' என்ற பேச்சு நம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உலவுகிறது. 1911ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனை இன்று பகாகியா மருத்துவமனை என்ற பெயரில் இயங்குகிறது. ஒரு காலத்தில் அங்குப் போனவர் திரும்புவது அரிது என்ற அச்சத்துக்கு ஆதாரம் இருந்திருக்கலாம். ஆனால் கவனக் குறைபாட்டுக்காக வருபவரை எவரும் படுக்கையில் சேர்ப்பதில்லை. வெளிநோயாளராக வந்து, பேசிவிட்டு, மருந்து வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்பலாம். இரத்த அழுத்தத்துக்குச் சென்று வருவது போன்றதே இதுவும்.

மலாயோ ஆங்கிலமோ சரளமாக வராதவர்கள் தயங்க வேண்டாம். வேலை, வீடு, பணம், விபத்து என்று நடந்தவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் தமிழில் எழுதி, படித்துச் சொல்லக்கூடிய மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். 'மறதியாக இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது. 'கடந்த மாதத்தில் இரண்டு முறை மோட்டார் சைக்கிளில் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போய்விட்டேன்' என்று சொன்னால் விளங்கும்.

நோய் உறுதியானால் மருந்து உண்டு. மெத்தில்ஃபெனிடேட் என்பது பல ஆண்டுகளாக வழக்கில் இருப்பது. உட்கொண்ட சிறிது நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும். அட்டோமொக்சிட்டின் என்பதன் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தொடங்குமுன் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் பார்ப்பார்கள். இதய நோய் இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். மெத்தில்ஃபெனிடேட் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. 'எனக்கு நன்றாகக் கேட்டது, நீயும் ஒன்று போட்டுப் பார்' என்று நண்பருக்குக் கொடுப்பது ஆபத்தானது, குற்றமும் ஆகலாம். மருந்தோடு, நாள் ஒழுங்கை அமைத்துக்கொள்ளும் பயிற்சியும் வேண்டும். கத்தி, தீட்டுக்கல், தலைவிளக்கு மூன்றையும் வாசலருகே ஒரே ஆணியில் மாட்டிவைப்பது சிறிய காரியம்தான். அதனால் பலருக்குப் பெரட்டு தவறாமல் இருக்கும்.

இதைச் சொன்னால் வேலையை விட்டு நீக்கிவிடுவார்களோ என்று சிலர் அஞ்சக்கூடும். நோயாளியின் ஒப்புதலின்றி மருத்துவர் நோய் விவரத்தை முதலாளிக்கு வெளியிடுவது மருத்துவத் தொழிலின் ஒழுங்குக்கு மாறானது. மண்டோரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம். நம்பிக்கைக்குரியவர் என்றால் சொல்வதில் ஒரு நன்மை உண்டு: மரத்தைக் காயப்படுத்திய பிறகு திட்டுவதைவிட, நிரையின் பாதியில் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவது அவருக்கும் எளிது.

மருத்துவமனையில் முதல் சந்திப்புக்குச் சில வாரங்கள் காத்திருக்க நேரலாம். கொடுக்கப்பட்ட நாளைக் கைப்பேசியில் மணியடிக்கும்படி குறித்துவைத்து, நாட்காட்டியிலும் வட்டமிட்டு, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். மறதிக்காக மருத்துவரைப் பார்க்க வேண்டியவர் அந்த நாளையே மறந்துவிடுவது இவ்வகை நோயாளிகளிடம் அடிக்கடி நேர்வது.